எண்களின் உறவு கண்டவர்

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சு. சி. பிள்ளை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை என்பது அவரது முழுப்பெயர். பிறந்த ஓராண்டிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். கல்வி அத்துடன் நின்றுபோயிருக்கும். செங்கோட்டைப் பள்ளியில் அவரது திறமையைக் கண்டறிந்த ஆசிரியர் சாஸ்திரியார் உற்ற துணையாய் நின்று, அவரைத் தொடர்ந்து படிக்கச் செய்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்ற பிள்ளை, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவரது சிறந்த ஆய்வுகள் பல அங்குதான் உருவாயின.

பொதுக்காரணியும் புதிய வினாவும்

இரண்டு முழு எண்களின் மீப்பெரு பொதுக்காரணியைக் காண்பது நாம் இளம் வகுப்பிலேயே கற்ற பாடம். இரு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வேறுபாட்டையும் மீதியின்றி வகுக்கும் என்பதே அதன் அடிப்படை. 2197, 2184 ஆகிய எண்களின் வேறுபாடு 13. இந்த 13, 2184ஐ 168 முறை சரியாக வகுக்கிறது. ஆகவே, அவ்விரு எண்களின் மீப்பெரு பொதுக்காரணி 13 ஆகும்.

இந்த எளிய கருத்திலிருந்து பிள்ளை ஆழ்ந்த வினாக்களை எழுப்பினார். 1 முதல் ஓர் எண் வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் அவ்வெண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக்காரணிகளைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்று 1933இல் ஆராய்ந்தார். 6ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 3, 2, 1, 6 எனக் காரணிகள் அமைந்து, கூட்டுத்தொகை 15 ஆகும். இச்சார்பு இன்று பிள்ளையின் பெயரால் வழங்கப்படுகிறது.

அடுத்தடுத்த எண்களின் வரிசையில், மற்ற எல்லா எண்களோடும் 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண் ஒன்று கட்டாயம் இருக்குமா? பதினாறு எண்கள் வரை உறுதியாக இருக்கும் என நிறுவினார் பிள்ளை. பதினேழில் அவ்வுறுதி குலைகிறது. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களில் தனித்து நிற்கும் எண் ஒன்றுமில்லை. இரட்டை எண்களை 2 இணைக்கிறது. 2189ஐயும் 2200ஐயும் 11 இணைக்கிறது. 2191ஐயும் 2184ஐயும் 7 இணைக்கிறது. மாணவர்கள் மற்ற எண்களையும் சோதித்துப் பார்க்கலாம். 17 முதல் 430 வரையிலான எண்ணிக்கைகளுக்கு இத்தகைய வரிசைகள் உண்டு எனப் பிள்ளை காட்டினார். 17க்கு மேற்பட்ட எல்லா எண்ணிக்கைகளுக்கும் இது பொருந்தும் என்பதை 1941இல் பிரௌவர் நிறுவினார்.

முற்றுப்பெறாத பயணம்

வாரிங் என்பார் விட்டுச்சென்ற புகழ்பெற்ற கணக்கிலும் பிள்ளை வெற்றி கண்டார். எந்த மிகை முழு எண்ணையும் 73க்கு மிகாத ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத இயலும் என 1940இல் மெய்ப்பித்தார். பின்னர்த் திருவிதாங்கூர், கல்கத்தாப் பல்கலைக்கழகங்களில் பணிபுரிந்தார்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் அவர் பங்கேற்க இருந்தார். ஆனால், 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ அருகே நேர்ந்த வானூர்தி விபத்தில் நாற்பத்தொன்பது வயதில் உயிர் நீத்தார். ஆசிரியர் ஒருவரின் பரிவால் காக்கப்பட்ட சிற்றூர்ச் சிறுவனின் பெயர், இன்றும் எண் கணித நூல்களில் வாழ்கிறது.