ஞானரதத்தில் பறந்த எட்டயபுரத்துக்காரர்

குட்டீஸ், ஹாரி பாட்டர் எதில் ஏறிப் பறப்பான்? துடைப்பத்தில்! அலாவுதீன் கார்ட்டூன் படத்தில்? பறக்கும் கம்பளத்தில்! இரும்புக்கை மாயாவியைக் கேட்டால் உங்கள் அப்பா, மாமாக்கள் சொல்வார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் மாயமாய் மறைந்துவிடுவார் அவர். 1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் ஹீரோ அவர்தான்.

அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, தமிழில் ஒருவர் ஒரு ரதத்தில் ஏறி வேறு வேறு உலகங்களுக்குப் பறந்து போய் வந்துவிட்டார். யார் தெரியுமா?

இளையரசனேந்தல் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் கோவில்பட்டி. அதையும் தாண்டிப் போனால் எட்டயபுரம். எங்கு பார்த்தாலும் கரிசல் மண். அந்த எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11 அன்று பிறந்தவர் அவர். ஆமாம், நம் மகாகவி பாரதியார்தான்! கவிஞர் என்றுதானே அவரைப் படித்திருக்கிறீர்கள்? அவர் அருமையான மாயக் கதைகளும் எழுதியவர்.

சின்ன வயதில் அவரைச் சுப்பையா என்று கூப்பிட்டார்கள். ஐந்து வயதிலேயே அம்மா லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார். அப்பா சின்னச்சாமி ஐயருக்குக் கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆசை அதிகம். மகன் இங்கிலீஷும் கணக்கும் படித்துப் பெரிய ஆளாக வரவேண்டும் என்று நினைத்தார். தெருப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது சுப்பையா மட்டும் தனியாக ஒதுங்கி இருப்பான். துணைக்கு இருந்தது கற்பனை ஒன்றுதான். பதினோரு வயதிலேயே கவிதைத் திறமைக்காக அவனுக்குப் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்தது.

அப்பா எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலை தொடங்கினார். அது நஷ்டத்தில் முடிந்தது. 1898-ல் அப்பாவும் இறந்துபோனார். அப்போது பாரதிக்குப் பதினைந்து வயதுதான். அதற்கு முந்தைய ஆண்டே செல்லம்மாவுடன் திருமணமும் ஆகியிருந்தது! காசிக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் வேலை பார்த்தார். மதுரையில் சில மாதங்கள் தமிழாசிரியர். 1904-ல் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்தார்.

படம் பேசியது!

1906-ல் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பாரதியார் அதில் புதுமை ஒன்று செய்தார். ஆங்கில ஆட்சியைக் கிண்டல் செய்யும் கார்ட்டூன்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகைகளில் கார்ட்டூனுக்கு வழிகாட்டியது 'இந்தியா'தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும் அல்லவா?

ஆட்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? 1908-ல் பத்திரிகையின் பதிப்பாளரைக் கைது செய்தார்கள். பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். ஆங்கிலேயப் போலீஸ் அங்கே வந்து கைது செய்ய முடியாது. ஆனால் ஒற்றர்கள் அவரைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த 'இந்தியா'வைத் தங்கள் எல்லைக்குள் நுழையவிடாமல் ஆங்கில அரசு தடுத்தது. 1910-ல் பத்திரிகை நின்றே போனது. கையில் காசில்லை. சொந்த ஊருக்குப் போனால் சிறை.

ஓர் ஊருக்குள்ளேயே பத்து ஆண்டுகள் அடைந்து கிடப்பதென்றால் எப்படி இருக்கும்? நினைத்துப் பாருங்கள்!

ரதம் கிளம்பியது

அந்த 1910-ல்தான் 'ஞானரதம்' புத்தகமாக வந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடி. கடற்காற்று வீசுகிறது. கதை சொல்பவர் படுத்தபடியே ஞானம் என்ற ரதத்தை அழைத்து ஏறிக்கொள்கிறார். அதைத் தடுக்க எந்தப் போலீசாலும் முடியாது!

முதலில் கவலையே இல்லாத ஓர் உலகத்துக்குப் போகிறார். வாசலில் ஒரு காவலாளி. மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம், மனம் உள்ளே நுழைந்தால் செத்துவிடும் என்கிறான். மனம் நடுநடுங்குகிறது. என்ன செய்தார் தெரியுமா? மனத்தைக் கைவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறார்! பிறகு இசையும் அழகும் நிறைந்த கந்தர்வ உலகத்தைப் பார்க்கிறார். உண்மை ஆட்சி செய்யும் உலகத்துக்கும் போகிறார். அதோடு விட்டாரா? நம் மண்ணுலகத்தையும் வந்து பார்க்கிறார்.

இதைக் கவனித்தீர்களா? கஷ்டத்திலிருந்து தப்பி ஓடுவதற்காக அவர் கற்பனை செய்யவில்லை. மேலே பறந்துபோய், நம் உலகத்தை இன்னும் நன்றாகப் பார்க்கத் திரும்பி வந்தார்.

'குயில் பாட்டு' கதையும் அப்படித்தான். புதுச்சேரிக்கு அருகே ஒரு மாந்தோப்பு. அங்கே ஒரு குயில் மனிதரைப் போலப் பேசுகிறது. அதன் மீது ஆசை வைக்கக் குரங்கு ஒன்று, மாடு ஒன்று! ஒரே சிரிப்புதான். கடைசியில் கண் விழித்தால், சுற்றிலும் புத்தகங்களும் பத்திரிகைகளும் பழைய பாயும். எல்லாம் கனவு! காகங்கள் கூடிப் பார்லிமென்ட் நடத்துவதாகவும் ஒரு கதை எழுதியிருக்கிறார். காக்கைகளை வைத்து ராஜாக்களைக் கேலி செய்யும் கதை அது.

கனவு பலித்தது

காசியில் ஓர் அறிஞர் பேசுவதைக் காஞ்சிபுரத்தில் இருந்தபடியே கேட்க ஒரு கருவி செய்யவேண்டும் என்று பாடினார். நிலவை ஆராய்ந்து அறியவேண்டும் என்றும் பாடினார். அப்போது நம் நாட்டில் வானொலி ஒலிபரப்பே கிடையாது. சென்னையில் அது தொடங்கியது 1924-ல். நம் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23-ல்.

இரண்டையும் பார்க்க அவர் இல்லை. 1918-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கடலூரில் கைது செய்தார்கள். விடுதலையாகிச் செல்லம்மாவின் ஊரான கடையத்தில் சில காலம் வாழ்ந்தார். பிறகு சென்னைக்குப் போய் மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921-ல் திருவல்லிக்கேணி கோவில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அந்தக் காயம் ஆறினாலும், பின்னர் வந்த நோயால் அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். வயது 38 மட்டுமே. 'குயில் பாட்டு' புத்தகமாக வந்தது 1923-ல். அதையும் அவர் பார்க்கவில்லை.

குட்டீஸ், பகல் கனவு காணாதே என்று யாராவது உங்களைத் திட்டினால் வருத்தப்படாதீர்கள். கனவில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போங்கள். ஆனால் பாரதியாரைப் போலத் திரும்பி வந்து, பார்த்ததை எழுதுங்கள், வரையுங்கள், செய்து காட்டுங்கள். உங்கள் ரதம் எந்த உலகத்துக்குப் போகப்போகிறது?