ரூடால்ப் டீசல் வரலாறு

அடுப்பிலிட்ட விறகின் பெரும்பகுதி சமையலுக்குதவாது வீணே புகையாய்க் கழியுமாயின் இல்லத்தலைவி மனம் வருந்துவாள். அத்தகைய வருத்தமே ஒரு மாணவர் உள்ளத்தெழுந்து உலகின் பொறிகளை மாற்றிற்று. அவரே ரூடால்ப் டீசல் என்னும் அறிஞர்.

கி. பி. 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்த இவர், 1870-இல் மூண்ட போரினாற் குடும்பத்துடன் அந்நகர் நீங்கினார். வறுமையிடையும் கல்வியைக் கைவிடாது, மியூனிக் நகரில் லிண்டே என்னும் பேராசிரியர்பாற் பயின்றார். நீராவிப் பொறி நிலக்கரியின் வெப்பத்திற் பத்திலொரு பங்களவே வேலையாக்கும் என்று ஆங்குக் கற்றது அவர் நெஞ்சை விட்டகலவில்லை.

காற்றை மிக அழுத்தின் அது பெரிதும் வெம்மையுறும். அதன்கண் எண்ணெயைச் செலுத்தின் தீப்பொறி வேண்டாமலே பற்றும். அவ்வாறு அழுத்துதலால் வெப்பத்தின் மிகுதியான பங்கு வேலையாகும். இக்கொள்கைக்கு 1893-இல் உரிமைச் சாசனம் பெற்றார். அவ்வாண்டே ஆக்ஸ்பர்க் நகரத்து ஆலையில் நிகழ்ந்த முதற் சோதனையில் அளவுகருவி வெடித்துச் சிதறியது. உயிர் தப்பிய அவர் உள்ளந் தளர்ந்திலர். 1897-ஆம் ஆண்டுச் சோதனையில் அவரது பொறி எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கிற்று.

செல்வம் குவிந்தது. ஆயின் நிலம் முதலியவற்றில் இட்ட பொருள் அழிந்து கடன் சூழ்ந்தது. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலினின்றும் அவர் மறைந்தார். சின்னாட் கழித்து உடல் கடலிற் காணப்பட்டது.

பொறியின் விரயத்தை அளந்தறிந்தவர் தம் பொருளின் விரயத்தை அளந்திலர். அன்பர்களே! நம் மக்கட்கு அவரது விடாமுயற்சியைக் கற்பிப்போமாக. வரவறிந்து செலவு செய்தலையும் உடன் கற்பிப்போமாக.