செய்தொழிலைத் திருத்திய செம்மல்: சிவகாசி பி. அய்ய நாடார் சரிதம்

நிலவளமும் நீர்வளமும் வாய்ந்த இடத்திலேயே தொழில்வளம் பெருகும் என்பது பொதுவாக வழங்கும் கொள்கை. இக்கொள்கைக்குப் புறனடையாக விளங்கும் ஊர்களுள் தலைசிறந்தது சிவகாசி. மழை அரிதான கரிசற் பூமியும், பருவம் பிழைத்தாற் பொய்த்துவிடும் மானாவாரி வெள்ளாமையுமே அவ்வூரார் பெற்ற பிதிரார்ஜிதம். ஆற்றுப் பாசனமில்லை, துறைமுகமில்லை, தீக்குச்சிக்கு வேண்டிய மென்மரமும் மலையாள நாட்டிலிருந்தே வருதல் வேண்டும். இத்தகைய ஊர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் உலகறிந்த ஊராயிற்று. இதற்கு வித்திட்டவர் இருவர். ஒருவர் பி. அய்ய நாடார், மற்றவர் அவருடைய உறவினராகிய ஏ. சண்முக நாடார். இவர்களுள் அய்ய நாடாருடைய வாழ்க்கையை ஈண்டு ஆராய்வோம். ஒரு தொழிலை எங்ஙனம் கற்பது, எங்ஙனம் திருத்துவது, எங்ஙனம் தரங் குன்றாது நடத்துவது என்பவற்றிற்கு அஃதோர் எடுத்துக்காட்டு. செல்வம் சேர்த்தார் ஒருவரின் புகழுரையாக மட்டும் இதனைப் படிப்பதில் நமக்குப் பயன் சிறிது. தொழில் நடத்தும் குடும்பங்களுக்கு இதிலுள்ள படிப்பினை பெரிது.

அய்ய நாடார் 1905-ஆம் ஆண்டிற் பிறந்தார். சிவகாசி அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லாவிற் சேர்ந்து, 1985-இல் அது பிரிக்கப்பட்டபின் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. அவர் பிறப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1899-இல், சிவகாசிக் கொள்ளை நிகழ்ந்தது. அதன் துன்பத்தைக் கண்ணாற் கண்டவர் நடுவே அவர் வளர்ந்தார். எனினும் நம்மவர் அழுதுகொண்டிருந்தாரல்லர். விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-இலேயே தோன்றிவிட்டது. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணத்தால் உறவின்முறையார் பள்ளியும் கிணறும் பேட்டையும் அமைத்தனர். 1910-இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கு தோன்றியது. கல்வி, கூட்டுமுதல், கடன்வசதி ஆகிய மூன்றும் ஒருவாறு வாய்த்தன. வாயாதது ஒன்றே. ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் விற்கும் வியாபாரம் நம்மவர்க்குக் கைவந்திருந்தது. ஒரு பண்டத்தைத் தாமே ஆக்கும் கைத்தொழில் கைவரவில்லை.

அந்நாளில் நம் நாட்டு அடுப்பெரிக்கும் தீக்குச்சி பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் தேசங்களிலிருந்தே கப்பலேறி வந்தது. கல்கத்தாவிற் குடியேறிய ஜப்பானியர் சிலர் கைம்முறையாகத் தீக்குச்சி செய்யத் தொடங்க, அவர்களிடமிருந்து வங்காளத்தார் அத்தொழிலைக் கற்றுக்கொண்டனர். 1922-இல் இந்திய அரசாங்கம் அயல்நாட்டுத் தீப்பெட்டியின்மேல் இறக்குமதித் தீர்வையை உயர்த்தவே, உள்நாட்டில் அத்தொழிலுக்குக் கதவு திறந்தது. அவ்வாண்டளவில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பயணமாயினர். அய்ய நாடாருக்கு அப்போது வயது ஏறக்குறையப் பதினேழு. அவர்கள் சரக்குப் பிடிக்கச் செல்லவில்லை. பூர்ணசந்திர ராய் என்னும் வங்கத் தொழிலதிபரிடம் தொழில் கற்கச் சென்றனர். பாஷை வேறு, உணவு வேறு, சீதோஷ்ணம் வேறு. விற்பவன் பண்டத்தின் விலையை அறிவான். செய்பவனே அதன் குற்றத்தை அறிவான். அக்குற்றத்தை அறியும் அறிவைத் தேடிச் சென்றதே அவர் வாழ்வின் முதற் சிறப்பு.

ஊர் திரும்பியபின், 1923-ஆம் ஆண்டளவில், ஜெர்மனி தேசத்து யந்திரங்களைத் தருவித்துத் தொழில் தொடங்கினர். யந்திரம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதென்று எண்ணுதல் உலகியல்பு. ஆனால், யந்திரத்திற்கு இட்ட முதலுக்கு ஏற்ற பயன் விளையவில்லை. அதே காலத்தில் சுவீடன் தேசத்துக் கம்பெனியார் விம்கோ என்னும் பெயரால் பம்பாய்க்கு அருகில் அம்பர்நாத்திலும், பின்னர்ச் சென்னைத் திருவொற்றியூர் முதலிய இடங்களிலும் பெரும் யந்திரசாலைகளை அமைத்தனர். யந்திரத்திற்கு யந்திரம் நின்று போட்டியிடுவதாயின் சிற்றூர் முதலாளி எந்நாள் வெல்வது? நம்மூரில் மிகுதியாக உள்ளது யாது, குறைவாக உள்ளது யாது என்று அவர்கள் ஆய்ந்தனர். மிகுதி, வானம் பார்த்து வேலையற்றிருந்த கைகளும் காய்ந்த காற்றும், குறைவு, முதல். ஆகவே யந்திரத்தை விடுத்துக் கைம்முறைக்குத் திரும்பினர். பெரும்பொருள் கொடுத்து வாங்கியதைப் பயனில்லையென்று கண்டவுடன் கைவிடும் துணிவு எளிதில் வருவதன்று. செலவழித்தோமே என்னும் ஏக்கத்தால் தவறான வழியிலேயே தொடர்ந்து நடந்து கெட்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

கைம்முறையென்றவுடன் ஒழுங்கற்ற முறையென்று எண்ணற்க. ஊரார் தீப்பெட்டி ஆபீஸ் என்று வழங்கும் அவ்விடத்தில் வேலை பல படிகளாகப் பகுக்கப்பட்டது. குச்சியைக் காயவைத்துக் கோணலும் முறிவும் களைந்து கட்டை அடுக்குதல் ஒரு வேலை. மெழுகில் தோய்த்தல் ஒரு வேலை. தலைமருந்து முக்குதல் ஒரு வேலை. உலர்த்தல் ஒரு வேலை. பெட்டி ஒட்டுதலும், பக்க மருந்து பூசுதலும், குச்சி அடைத்தலும், லேபில் ஒட்டிக் கட்டுக் கட்டுதலும் வெவ்வேறு வேலைகள். கூலியும் நாட்கணக்கிலன்றி வேலைக்கணக்கிலே கொடுக்கப்பட்டது.

இப்பகுப்பின் நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். குச்சி ஈரமாயிருப்பின் மருந்து நன்றாயிருந்தும் தீப்பற்றாது. கட்டை சமனாக அடுக்கப்படாவிடின் ஒரு குச்சிக்கு மருந்து மிகும், மற்றொன்றுக்கு எட்டாது. மெழுகு குறைந்தால் தலையிற் பற்றிய நெருப்பு மரத்திற்கு இறங்காமல் அவிந்துபோம். வச்சிரம் நீர்த்தால் உரசும்போது தலை உதிரும். பக்க மருந்து ஈரங்கொண்டால் பெட்டி முழுவதும் பயனற்றதாகும். பெட்டி நிறைந்து லேபில் ஒட்டியபின் இக்குற்றங்களுள் எதனையும் திருத்தல் இயலாது. ஆகையால் ஒவ்வொரு படியிலும் அப்படியின் குற்றத்தை அங்கேயே கண்டு விலக்குதல் வேண்டும். அடுத்த படிக்குக் குற்றத்தைக் கடத்தலாகாது. கடைசியில் நின்று பரிசோதிப்பவன் குற்றத்தை எண்ணத்தான் முடியும். இடையில் நின்று காப்பவனே அதனைத் தடுக்க முடியும்.

இவ்வுண்மையை மேனாட்டார் ஒரு சாத்திரமாகவே வகுத்தனர். நம்மவர் சிவகாசியிற் கட்டை அடுக்கத் தொடங்கிய அக்காலத்தே, 1924-இல், அமெரிக்காவில் ஷூவர்ட் என்னும் அறிஞர், செய்தொழிலில் நேரும் ஏற்றத்தாழ்வுகளுள் இயல்பானது எது, காரணம் தேடித் திருத்தத்தக்கது எது என்று பிரித்துக் காட்டும் வரைபடத்தை வகுத்தார். அவர் வழிவந்த டெமிங் என்பார் 1950-இல் ஜப்பானுக்குச் சென்று அத்தேசத்து முதலாளிமார்க்கு இம்முறையைப் போதித்தார். மறு ஆண்டே அவர் பெயரால் ஜப்பானில் ஒரு பரிசு ஏற்பட்டது. அப்பரிசை இந்தியாவில் முதன்முதற் பெற்றது, 1998-இல், சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் கம்பெனி. அய்ய நாடார் தொழில் தொடங்கியபோது இச்சாத்திரம் பிறந்துகொண்டிருந்த பருவம்; நூலறிவாக அஃது அவர்க்கு எட்டியிருத்தல் அரிது. ஆயினும் கற்றுக்கொண்டு தொடங்குதல், பகுத்துச் செய்தல், பயனறிந்து முறையை மாற்றுதல் என்னும் மூன்றும் அச்சாத்திரத்தின் உயிர்நாடி. அம்மூன்றையும் அவர் வாழ்விற் காண்கின்றோம்.

1934-இல் தீப்பெட்டியின்மேல் உள்நாட்டுத் தீர்வைச் சட்டம் வந்தது. பெட்டியிலுள்ள குச்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தீர்வை விதிக்கப்பட்டமையால், எண்ணிக்கை ஒழுங்கு நாணயத்தோடு சட்டத்தையும் பற்றிய விஷயமாயிற்று. இரு உறவினரும் தனித்தனியே நிறுவனங்கள் நடத்தினர். அய்ய நாடார் குடும்பத்தாரின் அணில் மார்க்கும், சண்முக நாடார் குடும்பத்தாரின் சேவல் மார்க்கும் பட்டிதொட்டியெங்கும் அறிமுகமாயின. எழுத்தறியாத தாய்மாரும் படத்தைப் பார்த்துப் பண்டத்தைக் கேட்டு வாங்கினர். மார்க்கு என்பது வெறும் படமன்று. சென்ற மாதம் வாங்கிய பெட்டியைப் போன்றே இம்மாதம் வாங்கும் பெட்டியும் இருக்கும் என்று முதலாளி மக்களுக்குக் கொடுக்கும் வாக்கு அது. வாக்குத் தவறினால் அணிலும் சேவலும் காப்பாற்றமாட்டா. இந்த லேபில்களின் தேவையே சிவகாசியில் அச்சுத்தொழிலை வளர்த்தது.

இரண்டாம் உலக யுத்தம் 1939-இல் மூண்டபின் அயல்நாட்டுப் பட்டாசு வரவு குன்றியது. 1940-இல் வெடிபொருள் விதிகள் ஏற்பட்டு, உரிமம் பெற்ற பட்டாசுச் சாலைகள் சிவகாசியிற் பெருகின. தீப்பெட்டியிற் கற்ற பகுப்புமுறை ஈண்டு உயிர்காக்கும் முறையாக மாறியது. தீக்குச்சித் தலையிலுள்ள குளோரேட் உப்பையும், பெட்டியின் பக்கத்திலுள்ள சிவப்புப் பாஸ்பரஸையும் கலந்தால் சிறு உரசலே பேரழிவாகும். ஆகவே இரண்டும் ஓரிடத்தில் இருத்தலாகாது. பட்டாசுச் சாலையில் மருந்து கலக்கும் அறை வேறு, அடைக்கும் அறை வேறு, காயவைக்கும் மேடை வேறு. ஒன்றுக்கொன்று இடைவெளி உண்டு. ஓரறையில் இத்தனை பேரே இருக்கலாம் என்னும் அளவும் உண்டு. தீக்குச்சியில் ஒரு படி தவறினால் ஒரு பெட்டி பழுது. பட்டாசில் ஒரு படி தவறினால் ஒரு குடும்பம் பாழ்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. சிவகாசிப் பண்டத்தின் தரம் உயர்ந்த வேகத்தில், அதனைச் செய்த கைகளின் வாழ்வு உயரவில்லை. வேலைக்கணக்கிற் கூலி என்னும் முறை வறிய பெற்றோரைத் தம் பிள்ளைகளையும் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அமர்த்தும்படி தூண்டியது. பள்ளிக்கூடத்திற் பெயர் இருக்கும். பிள்ளை தீப்பெட்டி ஆபீஸில் இருக்கும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் சிவகாசியைக் குறித்த வழக்கிலேயே கடுந்தீர்ப்பு வழங்கியது. அதன்பின் நிலைமை பெரிதும் திருந்தியது. ஆனால் விபத்துகள் ஒழிந்தனவல்ல. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய நாற்பது உயிர்கள் மாண்டன. அளவுக்கு மீறி ஆட்களை ஓரறையில் அடைத்தல், மரத்தடியில் மருந்து அடைத்தல், பருவகால அவசரத்தில் காயாததைக் கட்டுதல் ஆகிய இவையே இத்தகைய விபத்துகளின் பின்னே மீண்டும் மீண்டும் காணப்படும் காரணங்கள். இவை யாவும் படிமுறையை மீறியதால் விளைந்த தீமைகளேயன்றி, விதியின் செயலல்ல. எத்துணைப் பளபளப்பான மத்தாப்பாயினும், அதனை அடைத்த பெண் மாலையில் நலமே வீடு திரும்பாவிடின் அது தரமான பண்டம் ஆகாது.

அய்ய நாடார் தொழிலோடு நின்றாரல்லர். சிவகாசி நகரசபைத் தலைவராக ஊர்ப்பணி ஆற்றினார். 1963-இல் அவர் பெயரும் ஜானகி அம்மாள் பெயரும் தாங்கிய கல்லூரி சிவகாசியில் எழுந்தது. தொழில் கற்பதற்காகத் தம் பதினேழாம் வயதில் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தவர், தம்மூர்ப் பிள்ளைகள் ஊரிலேயே உயர்கல்வி பெறுமாறு செய்தார். 1982-இல் அவர் மறைந்தார்.

இன்று அத்தொழில் மறுபடியும் ஒரு முட்டுச்சந்தில் நிற்கின்றது. 2018-இல் உச்சநீதிமன்றம், புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே செய்தல் வேண்டுமெனவும், பேரியம் உப்பை விலக்குதல் வேண்டுமெனவும் ஆணையிட்டது. இதனைப் பெருங்கேடு என்று வருந்துவோர் பலர். வருத்தம் நியாயமே, பல்லாயிரங் குடும்பங்களின் அடுப்பு இத்தொழிலால் எரிகின்றது. எனினும் 1922-இன் இளைஞர்க்கு முன்னிருந்த இடர் இதனினும் சிறியதன்று. கையிலே தொழிலில்லை, கற்பிப்பார் அருகிலில்லை, போட்டியோ கடல்கடந்த கம்பெனிகளோடு. அவர்கள் கற்கப் புறப்பட்டனர்.

ஆகவே சங்கத்து அங்கத்தினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இச்சரிதத்தின் முடிபாகச் சில கூறுதும். தொழில் நடத்துவோர் தம் மக்களைக் கணக்கு மேசையில் அமர்த்துமுன் மருந்தறையின் விதிகளையும் ஒவ்வொரு படியின் வேலையையும் கற்பிக்க. தவறு கண்ட தொழிலாளி அதனை அஞ்சாமற் சொல்லும்படி மேஸ்திரிமாரைப் பழக்குக, சொன்னவனைக் கடியற்க. தீபாவளிக்கு முந்திய மாதங்களின் அவசரத்திற்கு எந்த விதியையும் பலியிடற்க. புதிய கலவைமுறைகளைக் கற்க நாகபுரி ஆராய்ச்சிச்சாலை வரையிற் செல்ல வேண்டுமாயினும் செல்க. கல்கத்தா அதனினும் தொலைவு. சங்கத்தாரும் தம் பொதுநிதியில் ஒரு பகுதியைத் தொழிலாளர் பயிற்சிக்கும் அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்குவாராயின், அய்ய நாடார்க்கு எடுக்கும் சிலைகளினும் அது சிறந்த நினைவுச்சின்னமாகும்.