கோலத்திற்கு இலக்கணம் கண்ட பேராசிரியர்

கணிப்பொறித் திரை புள்ளிகள் நிறைந்த ஒரு வாசல். அதில் ஒரு செவ்வகத்தைக் குறிக்க இரண்டு எதிர்மூலைகளைச் சொன்னால் போதும். ஒரு மாங்காய் வடிவத்தை எப்படிக் குறிப்பது? ஒவ்வொரு புள்ளியையும் பட்டியலிட்டால் முடிவே இராது. செய்முறை வகுப்பில் இக்கணக்கோடு மல்லாடியபோதுதான் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியின் வாழ்வை நான் அறிந்தேன்.

1932-இல் பிறந்த அவர், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராகத் திகழ்ந்தார். எண்களோடு நின்றவர் அல்லர். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகளை ஆராய்ந்தார். திருக்குறளைப் பண்டைய எழுத்துகளில் அமைத்து 1980-இல் நூலாக்கினார். அச்சுத் தமிழைக் கணிப்பொறி இனங்காணும் வழியையும் தேடினார். ஒருவருக்கு இத்தனை துறைகளா என்று மலைப்பாகத்தான் இருக்கிறது!

என் நெஞ்சைத் தொட்டது அவருடைய கோல ஆராய்ச்சி. துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாக்கியத்திற்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்திற்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று அது காட்டியது. முதலில் ஒரு வரிசை குறுக்கே அமையும்; பின்னர் அதிலுள்ள குறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளரும். விதிகள் சில; அவை தரும் உருவங்களோ எண்ணற்றவை. 1974-இல் மூவரும் கோலங்களுக்கே அவ்வாறு இலக்கணம் எழுதினர். நம் வாசற்கோலம் கணிப்பொறி வரைகலை ஆய்விதழில் ஏறியது.

என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் மார்கழி விடியலில் கோலமிடும்போது, பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தம், ஊடுபுள்ளி என்பார். நடுவரிசையில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும். அறுகோணமாக 169 புள்ளிகள் அந்த ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. அதைக் கணிதம் என்று நான் எண்ணியதே இல்லை. பேராசிரியர் எண்ணினார். அதற்கு அறிவைவிட மரியாதை அதிகம் வேண்டும் என்பது என் கருத்து.

மறைவதற்கு முந்தைய ஆண்டில்கூட, புள்ளிகளைச் சுற்றி வளைந்து வரும் கம்பிக் கோலத்தைப் பற்றித் துணைவியாருடன் எழுதினார். 1988-இல் மறைந்தார்.

என் மாங்காயும் திரையில் வந்துவிட்டது. ஒவ்வொரு வரிசையிலும் வண்ணம் தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டை மட்டும் குறித்துக்கொண்டேன். அதைத் தாளில் அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எத்தனை புள்ளி என்று கேட்டார்.