கடிக்காத கொசுவை வைத்து ஏரியைப் படித்தவர்: யார் இந்த ஆகஸ்ட் தீனெமான்?

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ‘பிளட் வார்ம்’ தெரிந்திருக்கும். கடையில் உறைய வைத்தோ காய வைத்தோ பாக்கெட்டில் விற்கும் சிவப்புப் புழு. பேருதான் புழு, உண்மையில் அது ஒரு பூச்சியின் லார்வா. வளர்ந்தால் பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. கைரோனோமிட் என்பது இந்தக் குடும்பத்தின் பெயர்.

இந்தப் பூச்சிகளின் பின்னால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சுற்றியவர் ஆகஸ்ட் தீனெமான். ஜெர்மனியின் கோத்தா நகரில் 1882-ல் பிறந்தவர். 1907-ல் மியூன்ஸ்டர் நகரில் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மீன்வளமும் கழிவுநீரும்தான் அவருடைய துறை. சாக்கடை கலந்த தண்ணீரில் எந்த உயிர் தாங்கும், எது தாங்காது என்று பார்ப்பது அன்றாட வேலை. பின்னாளில் அவர் செய்ததெல்லாம் இதே கேள்வியின் பெரிய வடிவம்தான்.

எரிமலைக் குழிகளில் கிடைத்த விடை

ஜெர்மனியின் மேற்கே ஐஃபெல் என்ற மலைப்பகுதி. பழைய எரிமலைக் குழிகளில் தண்ணீர் நிரம்பி உருவான வட்ட ஏரிகள் அங்கே பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. ஒரே வெயில், ஒரே மழை. அப்படியென்றால் எல்லா ஏரியின் அடியிலும் ஒரே பூச்சிகள்தானே இருக்க வேண்டும்?

இல்லை. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே அடிச்சேற்றை அள்ளிப் பார்த்தார் தீனெமான். புல்வர்மார் போன்ற தெளிந்த ஏரிகளில் டானிடார்சஸ் வகை லார்வாக்கள். உல்மன் மார் போன்ற, பாசி அதிகம் வளரும் ஏரிகளில் சிவப்பு நிறக் கைரோனோமஸ். வித்தியாசம் ஆக்சிஜனில் இருந்தது. பாசி அதிகமான ஏரியில் செத்த பாசி கீழே போய் அழுகும்போது அடியில் உள்ள ஆக்சிஜன் கோடையில் தீர்ந்துபோகும். அந்த நிலைமையிலும் தாக்குப்பிடிக்கக் கைரோனோமஸுக்கு ஒரு வசதி உண்டு. நம் ரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின் அதன் உடலிலும் இருக்கிறது. சிவப்பு நிறத்துக்குக் காரணமும் அதுதான்.

ஆக, அடியில் என்ன லார்வா இருக்கிறது என்று சொன்னால், ஏரி எந்த ரகம் என்று சொல்லிவிடலாம். 1917-ல் வட ஜெர்மனியின் பிளோன் நீரியல் நிலையத்துக்குத் தலைவரான தீனெமான், 1922-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஐனர் நவ்மனுடன் சேர்ந்து ஏரி ஆய்வாளர்களுக்கான சர்வதேச சங்கத்தையும் தொடங்கினார். ஏரிகளை வகை பிரிக்கும் இந்த முறை ஐரோப்பா முழுக்கப் பரவியது.

செத்த பூச்சியும் பேசும்

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. லார்வா வளரும்போது தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் அதன் தலை ஓடு கழன்று சேற்றில் விழும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் கைட்டின் என்ற கெட்டிப் பொருளால் ஆனது என்பதால் ஆயிரக்கணக்கான வருஷம் மக்காமல் கிடக்கும். தாடைப் பகுதியின் பல் வரிசையைப் பார்த்தே எந்த வகை என்று சொல்லலாம். சேற்றைக் குழாய் மாதிரி நீளமாக எடுத்து, அடுக்கு அடுக்காகச் சலித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு ஓடாகப் பொறுக்கினால், ஏரி எப்போது தெளிவாக இருந்தது, எப்போது மூச்சுத் திணறியது என்று தெரியும். அமெரிக்காவின் எட்வர்ட் டீவி 1942-ல் லின்ஸ்லி குளத்தின் சேற்றைப் படித்தபோது பூச்சிகளின் மிச்சங்களையும் இப்படித்தான் பயன்படுத்தினார். தீனெமான் பார்த்தது பெரும்பாலும் உயிருள்ள லார்வாக்களை. செத்தவற்றைப் படிக்கும் அகராதி அவர் கொடுத்தது.

வெப்ப மண்டலத்தில் விழுந்த அடி

ஆனால் அந்த அகராதி குளிர்நாட்டு ஏரிகளில் எழுதப்பட்டது. மற்ற இடங்களில் செல்லுமா?

1928-ல், தனது 46-வது வயதில், இதைப் பார்க்கவே கப்பல் ஏறினார். கூடவே ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் ருட்னரும் ஹைன்ரிக் ஃபாயர்போர்னும். அன்று டச்சுக் காலனியாக இருந்த ஜாவா, சுமத்ரா, பாலி தீவுகளில் 1929 வரை ஏரி ஏரியாக அலைந்தார்கள்.

விதி அங்கே உடைந்தது. பாசி அதிகமில்லாத ஆழமான ஏரிகளில்கூட அடியில் ஆக்சிஜன் குறைவு. காரணம் வெப்பம். 4 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராம்தான். சூட்டில் எல்லாம் வேகமாக அழுகும் என்பதால் இருப்பதும் சீக்கிரம் தீரும். போதாக்குறைக்கு, மேல் தண்ணீருக்கும் கீழ்த் தண்ணீருக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே இரண்டும் எளிதில் கலக்காது என்று ருட்னரின் அளவீடுகள் காட்டின.

அதாவது ஜெர்மனியில் ஏரி கெட்டுப்போனதற்கு அடையாளமாக இருந்த அதே நிலைமை, சுமத்ராவில் நல்ல ஏரிக்கும் சாதாரணம். தன் பெயரைச் சொல்லும் கோட்பாட்டுக்கு விழுந்த அடியை தீனெமான் மறைக்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் வெப்ப மண்டல ஏரிகளையும் வகைப்பாட்டையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பயணத்தில் சேர்த்த உயிரினங்கள் பற்றிய முடிவுகள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. இந்த நேர்மைக்காகவே அவரைப் படிக்கலாம்.

நாஜி ஆட்சியிலும் அவர் பிளோனிலேயே தலைவராகத் தொடர்ந்தார். 1954-ல், 70 வயது தாண்டிய பிறகு, கைரோனோமிட்கள் பற்றி 834 பக்கப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 1960-ல் பிளோனில் இறந்தார்.

ஐரோப்பிய அகராதி பொருந்தாததால், வெப்ப மண்டலச் சேற்றைப் படிப்பவர்கள் அந்தந்த ஊர் பூச்சிகளை வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் அவர்கள் ஆக்சிஜனோடு உப்பையும் கவனித்தார்கள். மழை பொய்த்தால் ஏரி சுருங்கும், தண்ணீர் உப்பாகும், பூச்சிகளும் மாறும். கென்யாவின் நைவாஷா ஏரியில் இந்தத் தலை ஓடுகளையும் டயட்டம் என்னும் நுண்பாசிகளையும் சேர்த்துப் பார்த்து, கடந்த 1,100 ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவில் எப்போதெல்லாம் வறட்சி வந்தது என்று 2000-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ கி.பி. 1000 முதல் 1270 வரை அங்கே நீண்ட வறண்ட காலம்.