வடகடலுக்கு வழி திறந்த மாலுமி

நள்ளிரவுச் சூரியனைக் காண நார்வேயின் வடகோடிக்குச் செல்லும் பயணிகள், ஹர்டிகுரூட்டன் என்ற பெயரைக் கேளாமல் ஊர் திரும்புவதில்லை. விரைவுத்தடம் என்பது அதன் பொருள். பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லையோர ஊரான கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் செல்லும் அந்தக் கப்பல் வழியைத் தொடங்கியவர் ரிச்சர்ட் வித். நார்வேயில் புகழ்பெற்ற அப்பெயர் நம்மவர்க்கு அறிமுகமில்லை. கல்லூரியில் போக்குவரத்துப் பொருளாதாரம் கற்பித்த காலத்தில் இவருக்கென ஆண்டுதோறும் ஒரு வகுப்பை ஒதுக்கி வந்தேன். இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் மாணவர்கள், பனிக்கடல் மாலுமியால் நமக்கென்ன பயன் என்று கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான்.

வித் 1846-இல் ட்ரோம்சோவில் பிறந்தார். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயுள்ள அந்த ஊரில் குளிர்காலத்தில் பல வாரங்களுக்குச் சூரியன் தலைகாட்டாது. கடலோடியாகிக் கப்பல் தலைவனாக உயர்ந்த அவர், ஆண்டோயா தீவின் ரீசோய்ஹாம்னில் வணிகராகவும் இருந்தார். மீன் ஏராளமாகக் கிடைத்த பகுதி அது; அதை விலை கிடைக்கும் சந்தைக்கு உரிய நேரத்தில் சேர்க்கத்தான் வழியில்லை. 1881-இல் ஸ்டாக்மார்க்னெஸ் என்ற சிற்றூரில் அவர் ஒரு நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். வாங்கியது பழைய கப்பல். தலைநகரின் பெருமுதலாளிகள் எவரும் பின்னால் இல்லை.

1891-இல், ட்ரோண்ட்ஹைமுக்கும் ஹாமர்ஃபெஸ்டுக்கும் இடையே இரவும் பகலும் நிற்காமல் செல்லும் விரைவுக் கப்பல் வேண்டும் என்ற திட்டத்தை அரசின் கப்பல் துறை ஆலோசகர் ஆகஸ்ட் கிரான் முன்வைத்தார். பெரிய நிறுவனங்கள் இரண்டும் மறுத்துவிட்டன. அவற்றின் அச்சம் பொய்யன்று. ட்ரோண்ட்ஹைமுக்கு வடக்கே அன்றிருந்தவை 28 கலங்கரை விளக்கங்களே. கடல் வரைபடங்களோ இரண்டே இரண்டு. குளிர்கால இருளில் பாறைகளுக்கிடையே கப்பலோட்ட முடியாது என்பதே அவர்கள் முடிவு.

வித் முடியும் என்றார். வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் அவரும் முந்தைய பயணங்களில் திசை, வேகம், நேரம் ஆகிய மூன்றையும் விடாமல் குறித்து வைத்திருந்தனர். எந்தத் திசையில், எந்த வேகத்தில், எத்தனை நிமிடம் சென்றால் எந்தப் பாறையைத் தாண்டலாம் என்பது அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. கண் காணாவிட்டாலும் திசைகாட்டியும் கடிகாரமும் போதும் என்ற துணிவு அதிலிருந்து பிறந்தது. அதை நான் சாகசம் என்று அழைக்கமாட்டேன். அது கணக்கு.

1893 மே மாதம் அரசுடன் நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலை 2 காலை, வெஸ்டெரோலன் என்ற கப்பல் வித்தின் தலைமையிலேயே ட்ரோண்ட்ஹைமிலிருந்து புறப்பட்டது. ஒன்பது துறைகளில் நின்று, 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்டை அடைந்தது; குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே. அதுவரை அந்த ஊருக்குக் கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரம் பிடித்தது. குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரைகூட ஆனதுண்டு. மறுத்த நிறுவனங்களும் அடுத்த ஆண்டே அந்தத் தடத்தில் சேர்ந்துகொண்டன.

பொருளாதார மாணவன் என்ற முறையில் நான் நின்று நோக்குவது அந்த ஒப்பந்தத்தை. கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நாளில் புறப்பட வேண்டும். அந்த உறுதிக்கு அரசு விலை கொடுத்தது. தனியார் துணிவின் கீழே பொதுப்பணம் தாங்கிநின்றது. 13 ஆண்டுகள் கழித்து 1906-இல், நம் வ.உ. சிதம்பரனாரும் உள்ளூர்ப் பணத்தைத் திரட்டித் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டார். அவருக்கு எதிரே நின்ற பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. அரசு 1908-இல் அவரையே சிறையில் தள்ளியது. துணிவிலும் திறத்திலும் வ.உ.சி. வித்துக்கு இளைத்தவர் அல்லர். ஒருவருக்கு அரசு துணைநின்றது, மற்றவருக்குப் பகையாய் நின்றது. அந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

கடிதத்துக்காகவும் மீனுக்காகவும் ஓடிய கப்பலில் பயணிகளும் ஏறினார்கள். எப்படியும் புறப்படும் கப்பலில் கூடுதலாக ஒருவரை ஏற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சுற்றுலா வருவாய் அங்கே மேல்வரவாக வந்தது.

1896-இல் வித் அடுத்த அடியை எடுத்துவைத்தார். ஹாமர்ஃபெஸ்டிலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குக் கோடைக் கப்பல், பெயர் விளையாட்டுத்தடம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, நிலையான குடிகளற்ற, 78 பாகை வடக்கில் கிடந்த பனித்தீவு அது. அட்வென்ட் விரிகுடாக் கரையில் ஒரு சிறு விடுதியும் எழுந்தது. வேட்டையாடுவோரும் பனிமலை காண்போரும் இலக்கு. நான்சனின் ஃபிராம் கப்பலைப் பத்திரமாகத் திருப்பிக் கொணர்ந்த ஓட்டோ ஸ்வெர்ட்ரூப்பே 1897 கோடையில் இந்தச் சுற்றுலாக் கப்பலுக்குத் தலைவராக இருந்தார். விளம்பரத்துக்கு இதைவிட வேறு பெயர் கிடைக்குமா?

ஆயினும் சில கோடைகளிலேயே அது நின்றுபோயிற்று. விரைவுத்தடம் நிலைத்தது, விளையாட்டுத்தடம் நிலைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே நிறுவனம், அதே கடல், அதே மாலுமிகள். முதலாவதில் ஆண்டு முழுதும் உள்ளூர் மக்களின் சரக்கு இருந்தது. இரண்டாவதில் சில வாரக் கோடையும் வெளியூர்ப் பயணிகளுமே இருந்தனர்.

பிறகு நடந்தது விந்தையானது. 1901-இல் குடும்பத்துடன் அத்தீவைப் பார்க்க வந்த அமெரிக்கர் ஜான் லாங்யர் அங்கே நிலக்கரியைக் கண்டார். 1906-இல் அவர் பெயரால் சுரங்க ஊரே எழுந்தது. சுற்றுலாத் தலம் கரித்தலமாயிற்று. இன்று அங்கே சக்கரம் மறுபடி சுழன்றுவிட்டது. கரி ஓய, சுற்றுலா ஓங்கியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கரையிறங்கும் கப்பல்களில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது.

எண்ணூருக்கு இக்கதை புதிதன்று. சென்னையின் வெள்ளையர்கள் படகோட்டவும் காற்று வாங்கவும் வந்து தங்கிய கழிமுகம் அது. பின்னர் அனல்மின் நிலையம் வந்தது. 2001-இல் முதன்மையாக நிலக்கரிக்காகவே ஒரு துறைமுகமும் வந்தது. ஸ்பிட்ஸ்பெர்கனில் கரிக்குப் பின் என்ன என்று திட்டமிட்டார்கள். எண்ணூரில் சாம்பல் படிந்த கழிமுகத்தில் இறால் தேடுவோரிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வடக்கே பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. அளவுக்கு மீறிய ஆட்களை ஏற்றியது குற்றமே. ஆனால், இத்தனை பேர்தான் ஏறலாம், இந்நேரத்துக்குமேல் செல்லலாகாது, மிதவை உடை கட்டாயம் என்று வகுத்து, மீனவருக்குப் பயிற்சியும் உரிமமும் அளித்துக் கண்காணிக்கும் ஏற்பாடு முன்பே இருந்திருந்தால், தடைக்கு வேலையே இருந்திராது. வித்தின் குறிப்பேட்டுக்கு ஈடாக இங்கே எதுவும் இருக்கவில்லை.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆடம்பரக் கப்பல் கொடியசைத்து அனுப்பப்பட்டது. அதே துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ மூன்று நாள் பயணமாகச் செல்லும் அரசுக் கப்பலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணத்தில், மக்களுக்காக ஓடும் கப்பல் அது. நம் விரைவுத்தடம் அதுதான். அதன் அட்டவணையையும் அறைகளையும் சீராக்கினால் சுற்றுலாப் பயணிகள் தாமே வருவார்கள் என்பது என் கணிப்பு. எண்ணூர், பழவேற்காடு மீனவர் கூட்டுறவுகளுக்கும் நார்வே வழியில் சேவை ஒப்பந்தம் அளித்துப் பார்க்கலாம். தொகை பெரிதாக இராது.

வித் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ரீசோய்ஹாம்ன் அருகே ஆழமற்ற நீரிணையைத் தோண்டி, பெரிய கப்பல்கள் அவ்வழி செல்லச் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கோரிக்கை. 1922-இல் மன்னர் ஏழாம் ஹாக்கோன் அந்த வழியைத் திறந்துவைத்தபோது அவருக்கு வயது 75-ஐ ஒட்டியிருந்தது. 1930-இல் அவர் மறைந்தார். கடலோரக் கப்பல்கள் இன்றும் அந்த வாய்க்கால் வழியாகவே செல்கின்றன.