ஸர் எர்னஸ்ட் ஸேட்டோ

1843-இல் லண்டனிற் பிறந்த எர்னஸ்ட் ஸேட்டோ, பிரிட்டிஷ் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பயிலும்பொருட்டு, 1862 செப்டம்பர் 8-இல் ஜப்பானின் யோகஹாமா நகரை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 19.

ஆறு நாட் கழித்து, ஞாயிற்றுக்கிழமையன்று குதிரையேறி உலாவச் சென்ற ஆங்கிலேயர் நால்வரை, வழிவிடவில்லையென்று ஸத்ஸூமா வீரர் வாளால் தாக்கினர், ஒருவர் மாண்டார். உலாவச் செல்வதும் அபாயமாயிருந்த அந்நாளில், ஸேட்டோ கடிதங்களை நகலெழுதியது போக எஞ்சிய வேளையில் ஜப்பானிய பாஷையை ஊக்கத்துடன் கற்றார். பாஷை கைவரவே, ஸத்ஸூமா வீரர் சிலரும் நண்பராயினர். 1867-இல் ஓஸாகாவினின்று எடோவுக்குத் தரைமார்க்கமாகவே பிரயாணஞ் செய்தார். 1881-இல் ஹாஸ் என்பாருடன் யாத்திரிகர்க்குக் கைந்நூலொன்றும் இயற்றினார்.

1895-இல் ஜப்பானுக்கே பிரிட்டிஷ் தூதராகத் திரும்பிய அவர், 1929-இல் காலமானார். அயல்நாடு செல்லும் மாணவர்க்கு அந்நாட்டு மொழியே உற்ற துணையென்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.